காகமும் தாகமும்

இலங்கையின் வடக்கே, வன்னியில் விசுவமடுப் பக்கம் ஒரு முன்பள்ளி. முற்றத்து வேம்பில் ஒரு காகம் வந்து குந்தியது. நாலு வயதுச் சின்னவன் ஒருவன் விரலை நீட்டி "தாகம்! தாகம்!" என்று கத்தினான். விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்து தொண்டராக நின்ற தங்கச்சி ஓடிப்போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்தாள். பிள்ளை போத்தலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திரும்பவும் மரத்தைக் காட்டினான். அவனைக் கூட்டிவந்த அம்மம்மா சிரித்துவிட்டார். "அவன் காகத்தைச் சொல்லுறான் பிள்ளை. விடாய்ச்சா தண்ணி எண்டுதானே கேப்பான்."

பேச்சு மொழிச் சிகிச்சை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இந்தப் போத்தல் கதையைத்தான் சொல்வது.

'க', 'த' இரண்டும் ஒரே மாதிரித்தான் பிறக்கின்றன. காற்றை ஒரு கணம் அடைத்து, பிறகு விடவேண்டும். எங்கே அடைப்பது என்பதில்தான் வேறுபாடு. 'த'வுக்கு நாக்கு நுனி மேற்பல்லைத் தொடும். 'க'வுக்கு நாக்கின் பின்பக்கம் எழும்பி, அண்ணத்தின் பின்னால் இருக்கும் மெதுவான பகுதியை முட்டும். முன்னால் நடப்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்கலாம், பின்னால் நடப்பது தெரியாது. அதனால் சிறு பிள்ளைகள் பலர் பின்னால் பிறக்கும் ஒலியை முன்னுக்கு இழுத்துவிடுவார்கள். பெரும்பாலானவர்களுக்கு மூன்றரை, நாலு வயதுக்குள் அது தானாகவே சரியாகிவிடும்.

இன்னொன்றைக் கவனியுங்கள். 'காகம்' என்ற சொல்லில் இரண்டு 'க' எழுதுகிறோம், ஆனால் இரண்டும் ஒரே ஒலி இல்லை. நடுவில் வருவது 'ஹ'வுக்குக் கிட்டப் போகிற மெல்லிய ஒலி. சின்னவன் அதைச் சரியாகத்தான் சொல்கிறான். தடுமாறுவது முதல் எழுத்தில் மட்டும். நாக்கு ஏலாமல் போயிருந்தால் இப்படி ஒழுங்காக ஒரே இடத்தில் பிழை வராது. அவனுடைய தலைக்குள் ஒரு விதி இருக்கிறது: சொல்லின் தொடக்கத்தில் 'க' வந்தால் 'த' போடு. சிகிச்சை மாற்றவேண்டியது அந்த விதியைத்தான்.

வீடுகளில் கேட்டால் வேறு காரணம் வரும். நாக்குத் தடிப்பு என்பார்கள், வசம்பு உரைத்து வைக்கவில்லை என்பார்கள். "தேப்பனும் மூண்டு வயசிலதான் கதைச்சவர்" என்பது எல்லா வீட்டிலும் உள்ள பதில். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு, பிந்திப் பேசுவது சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுதான். ஆனால் இரண்டு வயது முடிந்தும் 'அம்மா வா' என்று இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளையைத் தகப்பனின் கதையை நம்பி வைத்திருக்கக் கூடாது. காட்டவேண்டும்.

காட்டினால் முதலில் பார்ப்பது வாயை அல்ல, காதை. தொண்டையின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கும். தடிமன் பிடித்தால் அது இலகுவில் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிவிடும். நோவு இல்லாததால் ஒருவருக்கும் தெரியாது. விரலால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பது போலத்தான் அந்தப் பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு கேட்கும். 'க'வையும் 'த'வையும் பிரித்துக் காட்டும் வெடிப்பு, ஒரு வினாடியில் நூறில் சில பங்கு நேரம்தான் நிற்கும். கேட்காத வேறுபாட்டைப் பிள்ளை எப்படிச் சொல்லும்?

காது சரி என்று தெரிந்த பிறகுதான் விளையாட்டு தொடங்கும். தொண்டர்கள் பலூன், விசில் எல்லாம் கொண்டுவருவார்கள், ஊதினால் வாய்க்குப் பலம் வரும் என்று. பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். ஆனால் ஊதினால் ஊதத்தான் பழகும். ஒலி திருந்த அந்த ஒலியைத்தான் சொல்லிப் பழகவேண்டும்.

சின்னவனுக்கு ரீச்சர் முதலில் கேட்கத்தான் கொடுத்தார். கல், கண், கை, கதவு என்று 'க'வில் தொடங்கும் சொற்களை அடிக்கடி காதில் போட்டார், திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை. பிறகு பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரித் தொண்டையில் சத்தம் போடச் சொன்னார். படுத்தால் நாக்கு தன் பாரத்தில் பின்னுக்குச் சரியும், பாதி வேலை முடிந்துவிடும். இரண்டு மூன்று கிழமையில் வெறும் 'க' வந்தது.

அதற்குப் பிறகுதான் ஆட்டு விளையாட்டு. ஒரு பிளாஸ்ரிக் ஆடு, ஒரு துண்டுக் கயிறு. பிள்ளை கட்டளை போடவேண்டும், ரீச்சர் செய்யவேண்டும். 'கட்டு' என்றால் ஆட்டைக் கட்டுவார், 'தட்டு' என்றால் முதுகில் தட்டுவார். சின்னவனுக்கு ஆட்டைக் கட்டவேண்டும். "தட்டு!" என்றான். ரீச்சர் தட்டினார். "இல்ல, தட்டு!" திரும்பவும் தட்டினார். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. இதுதான் இடம். வீட்டில் என்ன சொன்னாலும் அம்மம்மா விளங்கிக்கொள்வதால் அவனுடைய விதியில் பிழை இருப்பதே அவனுக்குத் தெரியாது. சொன்ன சொல் கேட்டதைத் தராதபோதுதான் மூளை தன் கணக்கைத் திருப்பிப் பார்க்கிறது. தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்த தங்கச்சி தெரியாமல் செய்ததும் இதையேதான்.

இதற்குச் சிகிச்சையாளர் இல்லாமல் முன்பள்ளி ரீச்சரும் தொண்டரும் ஏன் என்றால், கணக்கு அப்படி. இலங்கையில் இந்தத் துறைக்கான படிப்பை 1997இல் தொடங்கியது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். அது இருப்பது ராகமையில், கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்குத் தள்ளி. படித்து வெளியேறுபவர்களில் தமிழில் வேலை செய்யக்கூடியவர்கள் கொஞ்சப்பேர். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ ஒரு தாய் மாதம் ஒருக்கால் பெரியாசுபத்திரிக்குப் பஸ்ஸில் வந்துபோனால், பிள்ளைக்குக் கிடைப்பது அரை மணித்தியாலம். அன்றைய கூலியும் போய்விடும். அதையே முன்பள்ளியில் நாளுக்குப் பத்து நிமிடம் செய்தால் மாதம் 200 நிமிடம் தாண்டும். ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பு எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்ற 1978இன் அல்மா அட்டா பிரகடனத்துக்குப் பிறகு உலக சுகாதார நிறுவனம் வளர்த்தெடுத்த சமூக அடிப்படையிலான புனர்வாழ்வு என்பதன் உள்ளடக்கமும் இதுதான்: சிகிச்சையாளர் திட்டத்தைப் போட்டுக் கொடுப்பார், பழக்குபவர் ஊரில் இருப்பார். நோய் இன்னதென்று பெயர் சொல்வது தொண்டரின் வேலை அல்ல, அதில் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

ஊரில் இருப்பவருக்கு இன்னொரு கெட்டித்தனமும் உண்டு: எது பிழை, எது ஊர்ப்பேச்சு என்று தெரியும். வன்னியில் பெரியவர்களே வாழைப்பழத்தை 'வாளப்பளம்' என்றுதான் சொல்வார்கள். அதைப் பிள்ளை சொன்னால் சிகிச்சை தேவையா? மறுபக்கம், 'காற்று' என்பதை நாங்கள் 'காத்து' என்று சொல்வதில்லை, நாக்கு பல்லுக்குக் கொஞ்சம் மேலே முரசில் படும். கிலோமீற்றரை 'ற்ற' போட்டு எழுதுவதும் அந்த ஒலியை நம்பித்தான். வேறு ஊர்த் தமிழுக்குச் செய்த படிவத்தோடு வந்தவர் இரண்டையும் பிழை என்று குறித்துவிட்டுப் போகலாம்.

போன மாதம் பார்த்தபோது சின்னவன் ஆட்டை நன்றாகக் கட்டுகிறான். "கட்டு, கட்டு" என்று கயிறு முடியும்வரை கட்டளை. பிறகு வெளியே ஓடினான். வேம்பில் இரண்டு காகம் இருந்தன. "ரீச்சர், தாகம்!"

விளையாட்டில் வந்த ஒலி அன்றாடப் பேச்சுக்கு வர இன்னும் சில மாதம் செல்லும்.