குளக்கட்டில் கமராவோடு நிற்பவர்களுக்கு

இலங்கையின் வடக்கே வன்னியில் குளம் வற்றத் தொடங்கினால் கமராக்களும் வெளியே வந்துவிடும். ஆடி, ஆவணியில் தண்ணீர் நடுக்குளத்துக்கு ஒதுங்க, மீன் நெருங்கிச் சேரும். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, பாம்புத்தாரா, கொக்கு எல்லாம் ஒரே இடத்தில் இரை தேடும். படம் எடுக்க இதைவிட வசதியான காலம் கிடையாது. பறவைக்கோ அதுதான் நிழலுக்கும் முட்டைக்கும் நெருக்கடியான காலம். நாம் ஒருமுறை எழுப்பிப் பறக்கவிட்டால் அது இழப்பது காலைச் சாப்பாட்டை.

முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். இரணைமடுவில் கட்டு குளத்தின் வடக்குப் பக்கம் இருக்கிறது. கட்டில் நின்றால் நீங்கள் தெற்கே பார்ப்பீர்கள். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் நாளின் பெரும்பகுதி வெளிச்சம் முகத்தில்தான் அடிக்கும், பறவைகள் கறுப்பு உருவமாக மட்டும் விழும். ஆனி, ஆடியில் சூரியன் வடகிழக்கில் எழுவதால் காலை வெளிச்சம் முதுகுப்பக்கம் வரும். உங்கள் ஊர்க் குளத்தின் கட்டு எந்தப் பக்கம், அலைகரை (தண்ணீர் ஏறி இறங்கும் சாய்வான கரை) எந்தப் பக்கம் என்று இதேபோலப் பார்த்துவிட்டால், எந்த மாதம் எங்கே நிற்பது என்பது தானாக விளங்கும். புது லென்ஸுக்குக் காசு சேர்ப்பதற்கு முன் இதைச் செய்யலாம்.

ஒன்பது மணிக்குப் பிறகு எடுக்கிற தூரப் படங்கள் மங்கலாக வருவதற்கு லென்ஸைக் குறை சொல்பவர்கள் பலர். குற்றம் காற்றுடையது. காய்ந்த சேற்றிலிருந்து சூடான காற்று எழும்பும்போது தூரத்துப் பறவையின் ஓரங்கள் நெளியும். 600 மி.மீ. லென்ஸ் என்றாலும், நிக்கான் பி900 போன்ற நீள்சூம் கமரா என்றாலும், முக்காலியில் பூட்டினாலும் இது தீராது. விடியற்காலையில் வாருங்கள், இல்லாவிட்டால் கிட்ட வந்து இரை தேடும் பறவைக்காகக் காத்திருங்கள்.

செட்டிங்கில் பெரிய வித்தை இல்லை. நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடி, பறப்பதற்கு 1/2000. ஐஎஸ்ஓவை (கமராவின் ஒளி உணர்திறனை) ஓட்டோவில் விட்டு உச்சத்தை 3200இல் நிறுத்துங்கள். இருண்ட தண்ணீரில் நிற்கும் வெள்ளைக் கொக்கை எடுக்கும்போது வெளிச்ச அளவை ஒரு படி குறைக்காவிட்டால் இறகின் வரிகள் வெளுத்துப்போய்விடும்; பிறகு கணினியில் எதுவும் செய்ய முடியாது. தாங்கியாக, ஒன்றரை இரண்டு கிலோ நெல் போட்டுத் தைத்த துணிப்பை போதும். மோட்டார் சைக்கிள் சீற்றிலோ ஆட்டோவின் விளிம்பிலோ வைத்து லென்ஸை அதில் அழுத்தலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு எடுங்கள், அதிர்வு படத்தில் தெரியும். கிரவல் வீதியில் லென்ஸ் மாற்றவேண்டாம்.

பறவைகள் வாகனத்துக்கும் பட்டி மாட்டுக்கும் பழகியவை. நிமிர்ந்து நேரே நடந்துவரும் ஆளுக்கு இல்லை. அதனால் வாகனத்தை விட்டு இறங்காமல் எடுப்பதே நல்லது. இறங்கினால் குந்தி, பறவையை நேரே பார்க்காமல், சாய்வாக நகருங்கள். அது இரை தேடுவதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நீங்களும் நில்லுங்கள். மறுபடி குனிந்தால் ஒன்றிரண்டு அடி நகரலாம். கழுத்தை நீட்டி, உடம்பைத் தாழ்த்தி, எச்சம் போட்டால் அடுத்தது பறப்புத்தான். அந்தக் கட்டத்துக்கு வந்த பறவையைப் பின்வாங்கி ஆறவிட வேண்டும்.

பறவைக் கூடு விஷயத்தில் விட்டுக்கொடுப்புக் கிடையாது. ஆட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கூடு என்று ஒன்று கிடையாது. அலைகரையில் ஒரு சிறு பள்ளம், சுற்றிவரக் கொஞ்சம் சிறுகல்லும் ஆட்டுப்புழுக்கையும். பெரும்பாலும் நாலு முட்டை. மண்நிறத்தில் கருந்திட்டுகள் உள்ளதால் காலடியில் கிடந்தாலும் தெரியாது. பறவை கத்திக்கொண்டு தலைக்கு மேல் சுற்றினால், அல்லது இறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினால், முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது. பலர் அதைத்தான் படம் எடுக்க அழைப்பு என்று நினைக்கிறார்கள். உச்சி வெயிலில் தாய்ப்பறவை முட்டை மேல் இருப்பது சூடேற்ற அல்ல, நிழல் கொடுக்க. வயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துவந்தும் முட்டையைக் குளிர்த்தும். நீங்கள் நின்று படம் எடுக்கும் நேரம் முழுவதும் முட்டை வெறும் வெயிலில் கிடக்கும். உள்ளே இருக்கும் கரு வெந்து போவதற்கு அதிக நேரம் தேவையில்லை. காகம் வேறு பார்த்துக்கொண்டிருக்கும். மனிதன் எங்கே குனிந்தான் என்று பார்த்து, அவன் போனபின் அங்கே இறங்குவது அதற்குக் கைவந்த கலை. ஆகவே வந்த கால்தடத்திலேயே திரும்பிப் போங்கள். மறைக்கிறது என்று புல்லையோ கிளையையோ ஒதுக்கவேண்டாம்.

ஆறுமணிக்குருவியைக் கைப்பேசியில் அதன் குரலைப் போட்டு வரவழைப்பதும் இதே வகைதான். பனிக்காலத்தைக் கழிக்க இந்தியாவிலிருந்து வரும் சிறு பறவை அது. இன்னொன்று தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு ஓடிவருகிறது. விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் அதுவாகவே கூப்பிடும், காத்திருந்தால் போதும். தேவாங்குக்கு ஃபிளாஷ் கூடாது. மங்கலான சிவப்பு வெளிச்சம், ஓரிரு நிமிடம், அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டபின் யானைக்காக நடந்து போகவேண்டாம். காது விரித்து, வால் தூக்கி நிற்கும் யானை படத்துக்கு அழகாக இருக்கும். ஓடித் தப்ப இடமிருக்காது. கரடி வேறு கதை. அதற்குப் பார்வை குறைவு, திடீரென்று எதிர்ப்பட்டால் பயத்தில் பாயும். பாலைப்பழம் விழும் காலத்தில் காட்டோரம் போவதென்றால் கதைத்துக்கொண்டு போவதுதான் பாதுகாப்பு. மௌனமாகப் போய் நல்ல படம் எடுக்கும் எண்ணத்தை அங்கே விட்டுவிடுங்கள். முதலை இருக்கும் குளத்தில் தாழ்ந்த கோணத்துக்காகத் தண்ணீர் விளிம்பில் படுப்பதும் வேண்டாம்.

மிதிவெடி எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் எந்தப் பறவையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை 2017இல் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அகற்றி முடிக்க 2028 வரை தவணை. துப்புரவாக்கிய காணியிலும் மழை கரைத்த மண்ணில் பழைய எறிகணை தலைகாட்டலாம். தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம சேவகருக்கோ பொலிஸுக்கோ சொல்லுங்கள். இராணுவ முகாமை நோக்கி லென்ஸைத் திருப்புவதும் ட்ரோன் விடுவதும் வீண் வம்பு. சுண்டிக்குளம் 1938 முதல் சரணாலயம், 2015 முதல் தேசிய பூங்கா. அங்கே அனுமதியோடு போவதே முறை.

எடுத்த படத்தைப் போடும்போதும் பொறுப்பு இருக்கிறது. நட்சத்திர ஆமையையும் அழுங்கையும் (எறும்புதின்னி) தேடிப் பிடித்து விற்பவர்கள் முகநூலும் பார்க்கிறார்கள். நட்சத்திர ஆமையின் சர்வதேச வணிகம் 2019 முதல் முற்றாகத் தடை. கைப்பேசிக் கமராவில் இட அடையாளத்தை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இடவிவரம் கழன்றுவிடும்; ‘டொக்கியுமென்ட்’டாக அனுப்பினால் கூடவே போகும். அதைவிட, பின்னால் தெரியும் துருசும் (குளத்து மதகு) கோயில் மரமும் ஊர்க்காரருக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு, மாவட்டப் பெயரோடு நிறுத்துங்கள். சுருக்கில் மாட்டிய விலங்கையோ காயப்பட்ட பறவையையோ கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுத்து இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மட்டும் இட அடையாளம் தேவை.