வெண்கர்வாலி / டாக்வுட் காடு: சொல் விளக்கம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளைத் தாவரவியலாளர்கள் வகைப்படுத்தும்போது, ‘குவெர்கஸ் ஆல்பா / கொர்னஸ் புளோரிடா’ என்பதுபோல நடுவில் சாய்கோடிட்டு எழுதுவார்கள். ஒரே அடுக்கில் வளரும் மரங்களுக்கிடையே சிறுகோடும் வெவ்வேறு அடுக்குகளில் வளர்பவற்றுக்கிடையே சாய்கோடும் இடுவது அந்நாட்டு வகைப்பாட்டு மரபு. ஆகவே உயரத்தில் கவிந்திருப்பது வெள்ளை ஓக் (குவெர்கஸ் ஆல்பா), அதன் நிழலில் வளர்வது டாக்வுட் (கொர்னஸ் புளோரிடா) என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. தமிழில் எழுதுவோர் அந்தச் சாய்கோட்டைச் சிறுகோடாக்கிவிடக் கூடாது.

ஓக் மரத்துக்குத் தமிழ் விவிலியம் வழங்கும் சொல் ‘கர்வாலி’. தாவீது அரசனின் மகன் அப்சலோமின் தலை சிக்கிக்கொண்டது கர்வாலி மரத்தில்தான். போர்த்துகீசியர் ஓக்கைக் ‘கர்வாலியு’ என்பார்கள். தரங்கம்படியில் விவிலியத்தைத் தமிழாக்கத் தொடங்கிய சீகன்பால்கு அம்மொழியையும் அறிந்தவர் என்பதால், சொல் அவ்வழியே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னாளில் இது ‘கருவாலி’ என்றும் எழுதப்பட்டு, கருமையைக் குறிக்கும் சொல்போலத் தோற்றம் கொண்டது. ‘வெண்கருவாலி’ என்றால் கறுப்பும் வெளுப்பும் மோதும். வெளிர்சாம்பல் பட்டையுடைய வெள்ளை ஓக்குக்கு ‘வெண்கர்வாலி’யே தகும்.

டாக்வுட் என்பதை ‘நாய்மரம்’ எனப் பெயர்க்கத் தூண்டும். நாய்த்துளசி, நாய்வேளை என்று தரங்குறைந்ததாகக் கருதியவற்றுக்கு நாயைச் சேர்ப்பது நம்மிடமும் உண்டு. ஆங்கிலத்திலும் அவ்வழக்கம் இருக்கிறது. ஆனால் இச்சொல்லின் முற்பகுதி, இறைச்சி குத்தும் ஊசிகள் செதுக்க உதவிய கெட்டி மரம் என்ற பொருளில், குறுவாளைக் குறிக்கும் ‘டாக்’ என்பதிலிருந்து திரிந்தது என்போரும் உண்டு. கொர்னஸ் என்ற இலத்தீன் பெயரும் கொம்பின் கடினத்தையே சுட்டுகிறது. மூலமே உறுதிப்படாத சொல்லை மொழிபெயர்ப்பதைவிட டாக்வுட் என்றே வைத்துக்கொள்வது நல்லது.

இப்படிச் சேர்ந்து வளரும் தாவரத் தொகுதியைக் குறிக்கும் ‘கம்யூனிட்டி’ என்பதற்குச் சமுதாயம் என்பதைவிடக் ‘குழுமம்’ பொருந்தும். ஆனால் அது வெறும் கூட்டமன்று. கர்வாலியின் சருகு டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுந்து மெல்ல மக்க, சுண்ணாம்புச்சத்து நிறைந்த டாக்வுட் சருகு விரைவில் மக்கி, தன் வேர் மண்ணிலிருந்து இழுத்த சத்தை மேல்மண்ணுக்குத் திருப்பித் தருகிறது. 1970களின் இறுதியில் கண்டறியப்பட்ட ஆந்த்ராக்னோஸ் பூஞ்சைநோய் ஈரமும் நிழலும் மிகுந்த இடங்களில் டாக்வுட்டை அழித்துவருகிறது. காட்டுத்தீ அடக்கப்பட்டதால் மேப்பிள் மரங்கள் அடர்ந்து, வெளிச்சம் வேண்டும் கர்வாலிக் கன்றுகள் நிழலில் நலிகின்றன. சில காடுகளில் சாய்கோட்டின் இரு பக்கமும் வேறு பெயர்கள் எழுத வேண்டிவரலாம்.