வாட்ஸ் எத்தனைன்னு கேக்கறதை முதல்ல விடுங்க

ரிப்பேர் பாக்கற என்கிட்ட இந்த வாரமும் ஒருத்தர் வந்தாருங்க. பல்லடம் பக்கம், தறி ஓட்டறவர். அப்பா காலத்து ஸ்டீரியோல வால்யூம் திருப்புனா கரகரன்னு சத்தம் வருதுன்னு மொத்த செட்டையும், ரெண்டு ஆள் புடிச்சுத் தூக்கற மாதிரி கனமான ஸ்பீக்கர் பெட்டியோட சேத்து, பழைய சாமான்காரருக்கு எடைக்குப் போட்டுட்டார். போட்டுட்டு, அட்டைப்பெட்டில '10,000 வாட்ஸ்'னு கொட்டை எழுத்துல அடிச்ச அசெம்பிள் ஹோம் தியேட்டர் ஒண்ணு வாங்கியாந்து மாட்டிருக்கார். நோம்பிக்கு ஒறம்பரையெல்லாம் வந்தப்ப பாட்டுப் போட்டா பழைய செட்டுல வந்ததுல பாதி கூட வரலையாம். "ஏனுங்ணா, ரிப்பேருங்களா?"ன்னு கேக்கறார். ரிப்பேரெல்லாம் இல்லீங்க, அது அவ்வளவுதான். அந்தப் பழைய செட்டோட கரகரப்புக்கு வால்யூம் கண்ட்ரோலுக்குள்ள அழுக்கெடுக்கற கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே அடிச்சு நாலு திருப்பு திருப்பியிருந்தாலே பெரும்பாலும் சரியாயிருக்கும்.

இப்படி எத்தனை பேருங்க. ரிசீவர், அதாவது டிவி, ப்ளேயர்லருந்து வர்ற சத்தத்தை ஏத்தி ஸ்பீக்கருக்குக் குடுக்கற ஆம்ப்ளிஃபையர் பெட்டி, வாங்கப் போறவங்க எல்லாரும் கேக்கற மொதக் கேள்வி "எத்தனை வாட்ஸ்"தான். சரி, தோட்டங்காட்டுக்காரங்களுக்கு நான் சொல்லித் தரோணுமா என்ன, 1 எச்பின்னா 746 வாட்ஸ். அப்ப 10,000 வாட்ஸுன்னா 13 எச்பி மோட்டாருக்கு மேல. அத்தனை பெரிய மோட்டார் ஓட்டறதுக்கு த்ரீ பேஸ் லைன் இழுத்து ஸ்டார்ட்டர் போட்டு வெச்சிருக்கீங்க, இதை மட்டும் டிவி பக்கத்துல இருக்கற 6 ஆம்ப் ப்ளக்ல சொருகிட்டு 10,000 வரும்னு நம்பறீங்க. 230 வோல்ட்டை 6 ஆம்ப்பால பெருக்குனா 1,380 வாட்ஸ்தான். மீதியெல்லாம் மேட்டூர்லருந்து தனியா வருதுங்களா? அந்த மாதிரி செட்டைத் தொறந்து பாத்தா 24 வோல்ட் 3 ஆம்ப் ட்ரான்ஸ்ஃபார்மர் உக்காந்திருக்கும், பெருக்கிப் பாருங்க, 72 வாட்ஸ். அட்டைல போடற பிஎம்பிஓ (பீக் மியூசிக் பவர் அவுட்புட், 'உச்சபட்ச' வாட்ஸ்) கணக்குக்கு எந்த வரைமுறையும் கெடையாது, அச்சடிக்கறவர் மனசு வெச்சா இன்னொரு சைபர் சேத்துக்கலாம்.

நல்ல கம்பெனி ரிசீவர்லயும் கண்ணைத் தொறந்து படிக்கோணும். அதே மெஷினுக்கு ஒரு எடத்துல 150 வாட்ஸுன்னு இருக்கும், இன்னொரு எடத்துல 80-ன்னு இருக்கும். ரெண்டும் பொய்யில்ல. 150-க்குக் கீழ பொடி எழுத்துல 6 ஓம் (ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டற தடை), 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன் (சத்தம் கெடற அளவு), 1 சேனல்னு போட்டிருப்பாங்க, அதாவது ஒரே ஒரு ஸ்பீக்கரை ஓட்டி, சத்தம் கிழிஞ்சு போற வரைக்கும் திருப்பி அளந்தது. 80-க்குக் கீழ 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 0.08% டிஸ்டார்ஷன், 2 சேனல்னு இருக்கும், அதாவது ரெண்டு ஸ்பீக்கரையும் ஓட்டி, சத்தம் கிழியாம அளந்தது. இந்த ரெண்டாவது நம்பரை மட்டும் வெச்சு ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடுங்க. அதுலயும் 80-க்கும் 100-க்கும் அடிச்சுக்காதீங்க, வாட்ஸ் ரெண்டு மடங்கானாலே ஏறறது 3 டெசிபல்தான், காதுக்கு ரெட்டிப்பாத் தெரியோணும்னா பத்து மடங்கு வேணும். வீட்டுல சாதாரணமாப் பாட்டு கேக்கறப்ப சராசரியா ஒரு வாட் ரெண்டு வாட்டுக்கு மேல பெரும்பாலும் போறதில்லீங்க. ஸ்பீக்கரோட சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எத்தனை சத்தம் தருதுங்கற கணக்கு, 87-க்குப் பதிலா 90 டெசிபலா இருந்தாப் போதும், பாதி வாட்ஸ்ல அதே சத்தம் வந்துரும். இதைக் கேக்கறவங்க யாருமில்ல.

அதனால பழைய ஸ்பீக்கரை எடைக்குப் போடாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன். ஸ்பீக்கர் நடுவுல அதிர்ற கூம்பைச் சுத்தி இருக்கற ஃபோம் உளுத்துப் போயிருந்தா அதை மட்டும் மாத்திக்கலாம். அந்த ரெண்டையும் ஃப்ரண்ட் லெஃப்ட், ரைட்டா மாட்டிட்டு, சென்டர் (நடு ஸ்பீக்கர்), சப்வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) எல்லாம் காசு சேரச்சேர வாங்கிக்கலாம், ரிசீவருக்கு ஒண்ணும் கோவம் வராது. ஸ்பீக்கர் பின்னாடி தகட்டுல ஓம் எத்தனைன்னு மட்டும் பாருங்க. 8 ஓம் ஸ்பீக்கர் ரெண்டை ஒரே டெர்மினல்ல சேத்துக் கட்டி மாடிக்கு ஒண்ணு கீழுக்கு ஒண்ணுன்னு இழுத்தா அது 4 ஓம் ஆயிரும், சின்ன ரிசீவர் சூடேறி ப்ரொடெக்ஷனுக்குப் போய் ஆஃப் ஆகும். உடனே "செட்டு டூப்ளிகேட்"னு எங்ககிட்ட சண்டைக்கு வருவாங்க.

வீட்டுல பழைய ரெக்கார்ட் ப்ளேயர் இருந்தா ரிசீவர்ல அதுக்குன்னு தனி சாக்கெட், அதாவது ஃபோனோ இன்புட், இருக்கான்னு பாக்கோணும், வெலை கம்மியான மாடல்ல பெரும்பாலும் இருக்காது, சாதா ஆக்ஸ் சாக்கெட்ல குத்துனா கெணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரிதான் கேக்கும். டிவில ஆர்க் (ARC)னு எழுதியிருக்கற எச்டிஎம்ஐ சாக்கெட்ல ரிசீவரை மாட்டுங்க, பக்கத்துச் சாக்கெட்ல மாட்டிட்டு டிவி சத்தம் வரலைன்னு போன் பண்ணாதீங்க. ஓட்டு வீட்டுல இருந்துக்கிட்டு மேல பாத்த அட்மாஸ் ஸ்பீக்கர் (சத்தம் தலைக்கு மேலருந்து வர்ற மாதிரி கேக்க வெக்கறது) வேணும்னு அடம் புடிக்கறவங்களுக்கும் ஒண்ணு, சத்தம் தட்டையான சீலிங்ல பட்டுத்தான் திரும்பி வரோணும், சரிவுல பட்டா எங்கயோ போயிரும்.

அமெரிக்கால இருக்கற பையன் ஆசையாக் கொண்டாந்தான்னு அந்த ஊர் ரிசீவரை நேரா ப்ளக்ல சொருகறாங்க பாருங்க, அதான் வயித்தெரிச்சல். பின்னாடி 120 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு! வோல்டேஜைக் கொறைக்கற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் இல்லாம 230-ல சொருகுனா ஒரு நொடி, புகை, அப்பறம் பெட்டி என் டேபிள்ல.

தறிக்கொட்டாய் பக்கத்துல வீடு இருக்கறவங்க கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ்ல ரிசீவரை அடைச்சு வெக்காதீங்க. சோமனூர்லருந்து வந்த ஒரு செட்டுல சூட்டை வெளியேத்தற ஹீட் சிங்க் தகடு மேல பஞ்சு மெத்தையாட்டம் படிஞ்சு, அதுக்குள்ள பல்லி ஒண்ணு கருகிக் கெடந்துச்சு. மேல நாலு விரல்கடையாவது சந்து விடுங்க, மேல துணி விரிச்சு பூச்சாடி வெக்கறது வேண்டவே வேண்டாம். நியூட்ரல் கட் ஆனா 230 வர்ற எடத்துல 400 வரைக்கும் ஏறும், அதனால ஹை கட் ஆஃப் (வோல்டேஜ் ஏறுனா கரண்டை நிறுத்தறது) இருக்கற ஸ்டெபிலைசர் போடுங்க. சித்திரை, வைகாசி கோடை மழைக்கு இடி இடிச்சா ப்ளக்கை மட்டும் புடுங்கிப் பத்தாது, டிஷ்லருந்து வர்ற கேபிளையும் கழட்டோணும். அது வழியா செட்டாப் பாக்ஸ், அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர், அங்கிருந்து ரிசீவர் போர்டுன்னு வரிசையாப் போயிரும். அந்த போர்டு தனியாக் கெடைக்கறதே கஷ்டம்.

கடைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி உங்க ஸ்பீக்கர் பின்னாடி இருக்கற தகடு, டிவி பின்னாடி இருக்கற சாக்கெட்டு ரெண்டையும் போன்ல போட்டோ புடிச்சுக்கோங்க, ஹாலோட நீள அகலத்தையும் குறிச்சுக்கோங்க. கடைக்காரர் வாட்ஸ்னு ஆரம்பிச்சா எத்தனை சேனல் ஓட்டி அளந்ததுன்னு கேளுங்க, பேச்சு மாறுதான்னு பாருங்க.