துத்தநாகத்தைப் பிடிச்சா கண் பிரஷர் குறையும்

கண் பிரஷருக்குக் குடுக்குற அசிட்டசோலமைடு மாத்திரையை மலையேறப் போறவங்களுக்கும் ஏன் குடுக்குறாங்கன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். பார்த்தா சம்பந்தமே இல்லாத மாதிரிதான் தெரியும், ஆனா ரெண்டு இடத்துலயும் அது முடக்குறது ஒரே நொதியைத்தான், கார்பானிக் அன்ஹைட்ரேஸ்.

கார்பன் டை ஆக்சைடும் தண்ணியும் சேர்ந்தா பைகார்பனேட்டும் ஹைட்ரஜன் அயனியும் வரும், ஸ்கூல்லயே படிச்சிருப்பீங்க. தானா நடக்க விட்டா இதுக்குப் பல செகண்ட் ஆகும், நுரையீரல்ல இதே வினை திரும்பி நடந்துதான் கார்பன் டை ஆக்சைடு வெளிய போகணும், ஆனா அங்க தந்துகியில (மெல்லிய ரத்தக்குழாய்ல) ரத்தம் நிக்கறதோ ஒரு செகண்ட் கூட கிடையாது. அதான் இந்த நொதி, வேகமான வகையில ஒரே மூலக்கூறு செகண்டுக்குப் பத்து லட்சம் தடவை இதைச் செய்யும்!

எப்படின்னா, நொதிக்குள்ள ஒரு குழி, அதோட அடியில ஒரு துத்தநாக அயனி. நொதியோட அமினோ அமிலங்கள்ல மூணு ஹிஸ்டிடின் அதைப் பிடிச்சு வச்சிருக்கும், நாலாவது இடத்துல ஒரு தண்ணி மூலக்கூறு. சும்மா இருக்கிற தண்ணி லேசுல புரோட்டானை விடாது, ஆனா துத்தநாகம் இழுக்குற இழுப்புல விட்டுட்டு ஹைட்ராக்சைடா மாறிடும், அது பக்கத்துல வர்ற கார்பன் டை ஆக்சைடைத் தாக்கினா பைகார்பனேட் ரெடி, அது கழண்டதும் அடுத்த தண்ணி வந்து உக்காரும். மருந்துல இருக்கிற சல்ஃபோனமைடு பகுதியும் ஒரு புரோட்டானை விட்டுட்டு, அதே நாலாவது இடத்துல நைட்ரஜனை வச்சு உக்காந்துக்கும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுக்கப்புறம் நடக்குறது: அந்த நைட்ரஜன்ல மிச்சம் ஒரு ஹைட்ரஜன் இருக்கும், ஹைட்ராக்சைடோட ஹைட்ரஜன் பக்கத்துல இருக்கிற திரியோனின்ங்கிற இன்னொரு அமினோ அமிலத்தை எப்படிப் பிடிச்சிருந்துச்சோ அப்படியே இதுவும் பிடிச்சுக்கும். குழிக்கு வித்தியாசமே தெரியாது.

கண்ல பைகார்பனேட் குறைஞ்சா உள்ள சுரக்குற திரவம் குறையும், பிரஷர் இறங்கும். கிட்னியில பைகார்பனேட்டைத் திருப்பி எடுக்க முடியாம யூரின்ல போயிடும், ரத்தத்துல லேசா அமிலம் ஏறும். உயரத்துல வேகமா மூச்சு விட்டு விட்டு ரத்தம் காரமாகறதாலதான் மூளை மூச்சுக்கு பிரேக் போடுது, அமிலம் ஏறினா அந்த பிரேக் விலகிடும், தூக்கத்துலயும் ஆக்சிஜன் நல்லா கிடைக்கும். நாக்குல இருக்கிற இதே நொதியும் அடங்கிடறதால சோடா சப்புன்னு ஆயிடும்.

1940-ல கேம்பிரிட்ஜ்ல மான், கெய்லின்னு ரெண்டு விஞ்ஞானிகள், பாக்டீரியாவைக் கொல்ல வந்த சல்ஃபனிலமைடு இந்த நொதியை நிறுத்துதுன்னு காட்டினாங்க, கண்ணு மலை எதுவும் அவங்க கணக்குல இல்லை. உடனே பயன் என்னன்னு கேட்டுட்டுத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் குடுப்போம்னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும். அதுக்கப்புறமும் பொறுமை வேணும், மாத்திரை 1950-கள்லயே வந்துடுச்சு, ஆனா நொதி எக்கச்சக்கமா இருக்கிறதால கிட்டத்தட்ட முழுசையும் அடைச்சாதான் பலன், சொட்டு மருந்துன்னா அவ்வளவும் கருவிழியைத் தாண்டி உள்ள போகணும், அதனால இதே நொதியை அடைக்குற டோர்சோலமைடு சொட்டு மருந்து வர 1995 ஆயிடுச்சு.