ஞாயிற்றுக்கிழமை மீன் தொட்டியைக் கழுவாதீர்கள்

ஞாயிறு காலையில் சென்னை கொளத்தூரின் வளர்ப்பு மீன் கடைகளில் நிற்க இடம் இருக்காது. ஆக்சிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட பையை நெஞ்சோடு அணைத்தபடி பிள்ளைகள் வண்டியில் போவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ அதில் சில வீடுகளில் மீன் செத்து மிதக்கும். "கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்துட்டார்" என்பார்கள். பெரும்பாலும் அது காரணமாக இருக்காது. மீனை எல்லாம் பக்கெட்டுக்கு மாற்றி, கூழாங்கல்லை அரிசி களைவதுபோல் களைந்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து, தொட்டி நிறையப் புதுத்தண்ணீர் பிடித்திருப்பார்கள். பாசத்தோடு செய்த வேலைதான். ஆனால் மீனைக் காப்பாற்றிக்கொண்டிருந்த உயிர்கள் அந்தக் குழாயடியிலேயே போய்விட்டன.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் மட்டும் அளவோடு இருந்தால் தாங்கும். இந்த பாக்டீரியா புதுத்தொட்டியில் வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். குழாய்த்தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொல்லும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் முழுக்கக் கழுவுகிறவரின் தொட்டி ஒவ்வொரு திங்களும் புதுத்தொட்டிதான்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியை முக்கால் அடிக்குச் சற்று மேல் நிரப்பினால் சுமார் 45 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல் எல்லாம் சேர்ந்து 60 கிலோவைத் தொடும். ஆட்டம் இல்லாத மேசையில், அடியில் தெர்மாகோல் போட்டு வையுங்கள். முதல் மாதம் நான்கைந்து கப்பி மீன் போதும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி, உலரவிடாமல் அந்தத் தண்ணீரிலேயே கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் வையுங்கள். எந்த பாட்டில் மருந்தைவிடவும் இதைத்தான் நான் நம்புவேன். ஆரம்ப நாட்களில் தண்ணீர் பால் கலந்ததுபோல் மங்கும். அதுவும் பாக்டீரியாதான், தானே தெளியும். பயந்து கொட்டிவிடாதீர்கள்.

அதன்பிறகு வாரம் ஒரு குடம், அவ்வளவுதான் கணக்கு. கல்லுக்கிடையில் ட்யூபை விட்டு அழுக்கோடு கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள். ஃபில்டர் பஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை அமுக்கி அலசுங்கள், குழாயடிக்குப் போகவேண்டாம். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரை அதே அளவு மெதுவாக ஊற்றுங்கள்.

பிடித்து வைப்பதில் ஒரு விஷயம். குடத்தின் வாய் குறுகல், குளோரின் சீக்கிரம் வெளியேறாது. அகல வாய் பக்கெட்டில், கொசு முட்டையிடாமல் மெல்லிய துணி கட்டி, 24 மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரின் சொட்டு மருந்தை, பாட்டிலில் எழுதியிருக்கும் அளவில் விடுங்கள். லாரித்தண்ணீருக்கும் இதே முறைதான். ராயபுரம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் கப்பியும் மாலியும் அதில் நன்றாகவே வாழும். டெட்ரா வகை மீன்கள் திணறும். இன்னொன்று, இப்படிப்பட்ட தண்ணீரில் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். அது 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவின் விஷ வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகிறது. அதனால் இந்தத் தண்ணீரில் தீனி போடும் கையைக் கட்டுப்படுத்தவேண்டும். இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளைக்கு இரண்டு வேளை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி.

மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்தால், செவுள் சிவந்தால், துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்தால் தீனியை நிறுத்திவிட்டு, குளோரின் போன, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். மறுநாளும் அதையே செய்யுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் இன்னொரு ஆபத்து. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 32 டிகிரியில் 7.3 மட்டுமே. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனால் ஃபில்டரும் நிற்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் பத்து நிமிடத்துக்கொரு தடவை சொம்பில் தொட்டித்தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்றுங்கள். கரண்ட் வரும்வரை தீனி வேண்டாம். ஐஸ் கட்டியை நேராகப் போடக்கூடாது, மூடிய பாட்டிலில் உறையவைத்து மிதக்கவிட்டு, சூடு இரண்டு டிகிரி இறங்கியதும் எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போதே கேளுங்கள், இது எவ்வளவு பெரிதாகும் என்று. விரல் நீளத்தில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன் ஓரடிக்கும் மேல் வளரும். கோல்டு ஃபிஷ் உருண்டை ஜாடிக்கு ஏற்றதே அல்ல. ஆண் ஃபைட்டர் மீன் தொட்டிக்கு ஒன்றுதான். அளவு மீறி வளர்ந்ததைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். ரெட்டேரி போன்ற ஏரியில் விட்டால் அங்கே ஏற்கெனவே இருக்கும் மீன்களுக்குத்தான் கேடு.

இவ்வளவு கவனத்துக்கும் கப்பி கைம்மாறு செய்யும். பெண் கப்பியின் வால் பக்கம், வயிற்றடியில் ஒரு கரும்புள்ளி இருக்கும். அது நாளுக்கு நாள் விரிந்து, வயிறு சதுரமாகப் புடைத்தால் குட்டி போடப்போகிறது. கூர்ந்து பார்த்தால் அந்தப் புள்ளிக்குள் குட்டிகளின் கண்கள் தெரியும். ஏறக்குறைய மாதம் ஒரு முறை போடும். தாயே தின்றுவிடும் என்பதால் வேலம்பாசியை ஒரு கை நிறைய மிதக்கவிடுங்கள், குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போகிறீர்களா? வளர்ந்த மீன் பசி தாங்கும், ஃபில்டரை மட்டும் ஓடவிடுங்கள். பத்து நாள் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள், பாவம் என்று அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு சிட்டிகை வைத்து மடித்த ஐந்து பொட்டலம் கொடுத்து, நாள் விட்டு நாள் ஒன்று என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.