கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது

போன வாரமும் ஒரு குழந்தை. பென்னாகரம் பக்கத்துக் கிராமம், நாலாவது படிக்கிறாள். முன்பற்களின் குறுக்கே பழுப்புக் கோடு, ஓரமெல்லாம் வெள்ளைத் திட்டு. தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமானால் வருவது இது. பேசும்போதே உதட்டை இழுத்து மூடிக்கொள்கிறாள். அம்மா சொன்னது, தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கும் நான் ஓயாமல் கேட்பதுதான்: "போர் தண்ணிதான் டாக்டர், ஆனா நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுக்கிறோம்."

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு கிருமி இல்லையம்மா! நம் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வருவது. கொதிக்கும்போது தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு மிச்சத் தண்ணீரிலேயே நிற்கும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீரை 2 லிட்டர் எடுத்து ஒரு லிட்டராகச் சுண்ட வைத்தால், அந்த ஒரு லிட்டரில் 4 மில்லிகிராம் இருக்கும். சுண்டின ரசம் உப்புக் கரிக்கிறதே, அதே கணக்கு. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. துணியில் வடிகட்டினாலும் குறையாது, பிளீச்சிங் பவுடர் போட்டாலும் குறையாது, சாதாரண கேண்டில் ஃபில்டரும் உதவாது. ஆர்.ஓ. குறைக்கும், மெம்பரேனைக் காலாகாலத்தில் மாற்றினால்.

அடுத்து, செங்கல் பொடியும் அடுப்புக்கரியும் போட்டுத் தேய்ப்பது. தயவுசெய்து நிறுத்துங்கள். இது மேலே ஒட்டிய கறை இல்லை. ஈறுக்குள் பல் உருவாகும்போதே ஃபுளோரைடால் எனாமலில், அதாவது பல்லின் வெளி ஓட்டில், ஏற்பட்ட குறை. தேய்த்தால் எனாமல்தான் தேயும், பல் கூசும். லேசான கறையை எங்களிடம் வந்தால் சரிசெய்யலாம்.

2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடு பாதிப்பைக் குறைக்கத்தான். ஆனால் பல வீடுகளில் குடிக்க மட்டும் காவிரித் தண்ணீர். சோறு பொங்க, பருப்பு வேக வைக்க போர் தண்ணீர். சோற்றோடு அதுவும் வயிற்றுக்குள்தான் போகிறது. சமையலுக்கும் காவிரித் தண்ணீரையே பிடித்து வையுங்கள். பற்றாக்குறை என்றால் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலில் கொடுங்கள், அவர்களுக்குத்தான் நிலைப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும். பெரியவர்களும் அலட்சியமாக இருக்க வேண்டாம். வருடக்கணக்கில் எலும்பில் சேர்ந்தால் முதுகும் கழுத்தும் இறுகிப்போகும்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். நாக்கில் வைத்துப் பார்த்து ஃபுளோரைடைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளைப் பல் விளக்காமல் வந்ததாக வகுப்பில் எழுப்பி நிறுத்தாதீர்கள்.