ஏசியைக் குறை சொல்லும் முன் கூரையைத் தொட்டுப் பாருங்கள்

போன அக்னி நட்சத்திரத்தில் ஒரு மத்தியானம். கானாடுகாத்தானில் இருந்து போன். "அண்ணே, ஏசி ஓடுது, கூலிங்கே இல்ல. கேஸ் போயிருச்சுபோல. வந்து அடிச்சு விடுறீங்களா?"

காரைக்குடியில் வண்டி ஏசி வேலை பார்க்கிறவனுக்கு மே மாதத்தில் இது புது போன் இல்லை. இருபது வருஷமாகக் கேட்கிறேன். முன்பெல்லாம் காரும் வேனும்தான். இப்போது மோட்டார்ஹோமும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஊரில் அந்தப் பெயர் எடுபடவில்லை. சினிமா ஷூட்டிங்குக்குக் கேரவன் வந்து வந்து பழகியதால் படுக்கை வைத்த எந்த வண்டியும் எங்களுக்குக் கேரவன்தான்.

போய்ப் பார்த்தேன். டிராவலர் வேனை வாங்கிக் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கட்டியிருந்தார்கள். வேலைப்பாடு அழகு, குறை சொல்ல முடியாது. வெளியே முழுக்க மேட் கறுப்பில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீட்டின் முகப்பு போட்டோவில் நன்றாக விழ வேண்டும் என்று நடுப்பொட்டலில் நிறுத்தியிருந்தார்கள். கணவன், மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு பையன், ஒரு நாய். நாலு பேரும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

திண்ணைக்குச் சொந்தக்கார ஆச்சி என்னைப் பார்த்ததும் சொன்னார்: "அந்தப் புளியமரத்தடியில போடுங்கன்னு காலையிலேயே சொன்னேன் தம்பி. காக்கா எச்சம் விழும்னுட்டாக."

பிரஷர் பார்க்கும் கேஜ் மாட்டிப் பார்த்தேன். கேஸ் சரியாக இருந்தது. ஏசி வாயில் காற்று 16 டிகிரியில் வந்தது. தூரத்திலிருந்தே சூடு பார்க்கும் கருவியை உள்ளே சீலிங் பக்கம் நீட்டினேன். 52 காட்டியது. வெளியே கூரைத் தகட்டில் 70-ஐத் தாண்டியது. போன் பண்ணிய வண்டிக்காரத் தம்பியைக் கூப்பிட்டுச் சீலிங் பிளைவுட்டில் கையை வைக்கச் சொன்னேன். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். "ஏசி கீழ இருந்து ஊதுது, மேல அடுப்பு எரியுது. எது ஜெயிக்கும்?" என்றேன்.

இதில் கணக்கு இருக்கிறது. டிராவலர் அளவு வண்டிக்குக் கூரை மட்டும் சுமார் 11 சதுர மீட்டர். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட் கொட்டும். ஆக, கூரையில் விழுவது 11 கிலோவாட். அவர்கள் வைத்திருந்தது 1.5 டன் ஏசி. ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ, அதாவது மூன்றரை கிலோவாட். ஒன்றரை டன் சேர்ந்து ஐந்தேகால் கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அதுவும் வெளி வெப்பம் 35 டிகிரியாக இருக்கும்போது எடுத்த கணக்கு. 40-ஐத் தொட்டால் தள்ளும் திறன் குறையும், இழுக்கும் கரண்ட் கூடும். கூரையில் விழுந்த 11 கிலோவாட்டும் உள்ளே இறங்காது, பாதிக்கு மேல் காற்றோடு போய்விடும். ஆனால் கறுப்புக் கூரை விழுந்ததில் பெரும்பகுதியைக் குடித்துவிடுகிறது. நல்ல வெள்ளை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வண்டி கட்ட வருகிறவர்கள் முதலில் என்னிடம் கேட்பது எத்தனை டன் ஏசி என்று. நான் திருப்பிக் கேட்பது கூரை என்ன கலர் என்று.

வெள்ளையடித்தால் அழகு போய்விடும் என்பவர்களுக்கு ஒரு யோசனை: பக்கவாட்டில் எந்தக் கலர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். கூரையை மட்டும் வெள்ளையாக்குங்கள். கீழே நின்று பார்க்கிறவனுக்குக் கூரை தெரியப் போவதில்லை.

இன்னொன்று, வெள்ளி ஃபாயில். குமிழ் வைத்த பாலித்தீனில் வெள்ளித்தாள் ஒட்டி ரோலாக விற்கிறார்களே, அதை இந்த வண்டியிலும் தகட்டோடு தகடாக ஒட்டி, மேலே பிளைவுட்டை அழுத்தி ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். ஃபாயில் வேலை செய்ய அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னால் ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி வேண்டும். சூட்டோடு ஒட்டிக் கிடந்தால் அது வெறும் உலோகத்தாள், சூட்டைக் கடத்திவிடும். அந்த இடத்துக்கு ஏசி டக்ட்டுக்கு நாங்கள் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்தான் நல்லது. ஈரம் குடிக்காது, வளைவுக்கு வளையும். கூரையைத் தாங்கும் குறுக்குச் சட்டமான இரும்பு ரிப் மேலும் அதை ஒட்ட வேண்டும். ரிப்பை விட்டுவிட்டு நடுவில் மட்டும் ஒட்டினால் ரிப் வழியாகச் சூடு நேராகப் பிளைவுட்டுக்கு இறங்கும். அந்தச் சீலிங்கில் கருவியை நகர்த்தியபோது ரிப் இருக்கும் இடமெல்லாம் கோடு போட்ட மாதிரி நாலைந்து டிகிரி ஏறி ஏறி இறங்கியது.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் உள்ளே காலை வைத்ததும் "ஏசி போட்ட மாதிரி இருக்கே" என்பார்கள். தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடித் தரை என்று வழிகாட்டி அடுக்குவார். உண்மைதான். ஆனால் சுவரின் கனத்தை வண்டியில் கொண்டுவர முடியாது, டயர் தாங்காது. வண்டிக்காரன் அந்த வீட்டில் பார்க்க வேண்டியவை வேறு. வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே தாழ்வாரம் அதை வழிமறிக்கிறது. நாட்டு ஓட்டின் இடுக்குகளில் காற்று ஓடுகிறது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலேறிப் போய்விடுகிறது. முகப்புக் கதவில் நின்றால் வீட்டின் ஒவ்வொரு கட்டாகத் தாண்டிப் பின்கட்டு வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். காற்று வந்து போக அது ஒரு தெரு.

வண்டியில் இதைச் செய்ய விவசாயக் கடையில் விற்கும் பச்சை நிழல்வலை போதும். 75 சதவீதம் நிழல் தரும் ரகத்தை வாங்குங்கள். கூரைக் கேரியரில் நாலு பைப்பை நிறுத்தி, கூரைக்கு ஓர் அடி மேலே இழுத்துக் கட்டுங்கள். தகட்டின் மேலேயே போர்த்திவிடாதீர்கள், இடையில் காற்று ஓட வேண்டும். கூரையில் சோலார் பேனல் வைப்பவர்களுக்கும் இதே கதைதான். இரண்டு மூன்று அங்குல இடைவெளி விட்டால் பேனலே இரண்டாவது கூரை. பேனலுக்கும் நல்லது: அதன் வாட் கணக்கு 25 டிகிரி சூட்டுக்குச் சொல்வது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு சதவீதத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக உற்பத்தி குறையும். நம் ஊர் வெயிலில் பேனல் 65-ஐத் தொடும்.

கண்ணாடிக்குத் திரை போட்டிருக்கிறோம் என்பார்கள். உள்ளே தொங்கும் திரை, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகு பிடிக்கிறது. வந்த சூடு வந்ததுதான். மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். கோரைப்பாய் கிடைத்தால் போதும். முன்கண்ணாடிக்கு வைப்பரில் செருகிவிடலாம்.

நிறுத்தும் திசையைப் பற்றி இணையத்தில் ஆளுக்கொரு வீடியோ. பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காக்காரர்கள் எடுத்தது. அங்கே உச்சிப்பொழுதில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். அதனால் பந்தலைத் தெற்கே விரிக்கச் சொல்வார்கள். காரைக்குடி 10 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறந்து இரண்டு மூன்று நாளில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை முதல் மாலை வரை சூரியன் தெற்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. அதனால் என் கணக்கு இது: வண்டியின் முகம் கிழக்கே. பெரிய முன்கண்ணாடிக்குக் காலை வெயில் மட்டும் கிடைக்கும். கொடூரமான மாலை வெயில் பின்கதவில் விழும். நம் வண்டிகளில் படி இடப்பக்கம், அது வடக்கே வரும். படிக்கு மேல் இழுக்கும் பந்தல் வடக்கு வெயிலை மறைக்கும். டிரைவர் பக்கச் சன்னல்கள் தெற்கே, நாள் முழுக்க நிழலில் இருக்கும். அதைத் திறந்துவிடலாம். மழைக்காலத்துக்கு இது பொருந்தாது, கோடைக்கு மட்டும்.

அந்தக் கறுப்பு வண்டிக்கு வருகிறேன். கூரையைத் தவிர இன்னொரு குறையும் இருந்தது. ஏசியின் அவுட்டோர் யூனிட்டைப் பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் மறைத்து, முன்னால் அலங்காரமாக லூவர் என்கிற சாய்வுப் பட்டைத் தடுப்பு வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் கையை விட்டேன். ஃபேன் தள்ளிய அனல்காற்று லூவரில் மோதித் திரும்பி, அதே யூனிட்டின் முதுகுக்கே போய்க்கொண்டிருந்தது. விட்ட மூச்சையே திரும்ப இழுக்கிற மாதிரி. லூவரைக் கழற்றித் தரையில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் ஏசி வாய்க் காற்று 16-லிருந்து 12-க்கு இறங்கியது. ஒரு சொட்டு கேஸ் ஏற்றவில்லை. அந்த மெக்கானிக்கும் இந்த மெக்கானிக்கும் மாறி மாறிக் கேஸ் அடித்த வண்டிகள் எத்தனையோ என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. அளவுக்கு மேல் கேஸ் ஏற்றினால் பிரஷர் எகிறிக் கம்ப்ரெஸர்தான் சாகும்.

கரண்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒயர் இழுக்கிறவர்கள் கவனிக்கவும். பெரிய வீடுகளில் பல இடங்களில் மரச்சட்டத்தில் ஓடும் பழைய ஒயரிங் இன்னும் இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மரியாதைக்காகச் சரி என்பார். அதில் ஏசியை ஓட்டக் கூடாது. 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த், கனமான ஒயர் மூன்றும் வேண்டும். சுருள் எக்ஸ்டென்ஷன் என்றால் முழுவதையும் உருவி விரித்துப் போடுங்கள். சுருளிலேயே விட்டால் சூடேறி உருகும். ஒரு ரீல் மொத்தமும் ஒரே கட்டியாக ஒட்டிப்போய் என்னிடம் வந்திருக்கிறது.

பேட்டரியில் ஓட்டுகிறோம் என்பவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 24 வோல்ட் 200 ஆம்பியர் மணி லித்தியம் என்றால் 4.8 யூனிட். ஒன்றரை டன் ஏசி விடாமல் ஓடினால் மூன்று மணி நேரம். கூரையை நிழலாக்கி, கம்ப்ரெஸர் விட்டு விட்டு ஓடும்படி செய்தால் அதே பேட்டரி ஆறு மணி நேரம் வரும். பேட்டரியை இஞ்சின் பக்கமோ மேற்கு வெயில் படும் தகட்டை ஒட்டியோ வைக்காதீர்கள். பத்து டிகிரி சூடு கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

ஜெனரேட்டர் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கத்துவேன். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு ஏசி போட்டுப் படுத்தவர்கள். அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியிருக்கிறது என்று பின்னால் நடந்த ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு நிறம் இல்லை, வாசம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒயர் போவதற்காகத் தரையில் போட்டு அடைக்காமல் விட்ட ஓர் ஓட்டை போதும். தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது. இஞ்சினை ஐடிலில் விட்டு ஏசியில் தூங்குவதும் அதே கணக்குதான். பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகைக்குழாய் உங்கள் சன்னலைப் பார்த்தும் இருக்கலாம், அதையும் பாருங்கள்.

கோடையில் இது இன்னும் மோசம். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் எல்லோரும் "வெயில் தாக்கிருச்சு" என்று சொல்லிக் கதவை இறுக்கிச் சாத்தி ஏசியைக் கூட்டுவார்கள். வண்டிக்குள் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் அப்படி வந்தால் முதலில் எல்லோரையும் வெளியே இறக்குங்கள். ஜெனரேட்டரை அணையுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டில் அருகே இருக்கட்டும். வண்டிக்கு வாங்கும் காபி மெஷினுக்கு முன்னால் அதை வாங்குங்கள். நிஜமாகவே வெயில் தாக்கியவர் என்றால் பேச்சு குழறும், உடம்பு அனலாகக் கொதிக்கும். நிழலில் படுக்க வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அவருக்கும் 108தான்.

நாயையும் பிள்ளையையும் "ஏசி ஓடுதே" என்று வண்டியில் விட்டு வீடு சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். கரண்ட் ஒரு தடவை டிரிப் ஆனால் ஏசி நின்றுவிடும், நீங்கள் அப்போது வீட்டின் மூன்றாம் கட்டுக்குள் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ராத்திரியில் வண்டிக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. காங்கிரீட் மாடி நடுராத்திரி வரை சூட்டைக் கக்கும். மெல்லிய தகடு பொழுது சாய்ந்து ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். ஏழு மணிக்கு எல்லாக் கதவையும் திறந்து, கூரை ஃபேனை வெளியே இழுக்கும்படி ஓடவிட்டு, தெற்குச் சன்னலில் கொசுவலை போட்டுக்கொண்டால் பல நாள் ஏசியே வேண்டியிருக்காது. அந்தக் குடும்பம் அன்றைக்கு வண்டியைப் புளியமரத்தடிக்கு நகர்த்தி அப்படித்தான் தூங்கினார்கள். காலையில் போன் பண்ணிச் சொன்னார்கள். எச்சமும் விழுந்ததாம்.

பத்து நாள் கழித்து அந்தத் தம்பி மறுபடி பேசினார். கூரை ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிட்டு வெள்ளையடிக்க வேண்டுமாம், வெயிலுக்கு முன்னால் காலையிலேயே பட்டறைக்கு வந்துவிடட்டுமா என்று கேட்டார். அதற்கு மட்டும் மத்தியானம் ரெண்டு மணிக்கு வரச் சொன்னேன். சூட்டில்தான் பசை இளகும்.